புடவை யாருக்கு?

மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து ரங்கநாதன் தெருவுக்குள் இறங்குகிறவரை முதலில் வந்து தொடுவது குரல்தான். "வாங்கக்கா... வாங்கண்ணே... உள்ளே வந்து பாருங்க, பார்க்கிறதுக்குக் காசில்ல!" கடை வாசலில் நிற்கும் பையன்களும் பெண்களும் காலையில் ஆரம்பித்து இரவு ஷட்டர் இறங்கும் வரை இதைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். வருகிறவர் அக்காவா, அண்ணனா, அம்மாவா, சாரா என்று முடிவு செய்ய அவர்களுக்குக் கிடைப்பது அரை நொடி. பெரும்பாலும் குறி தப்பாது.

சிலர் வரும்போது மட்டும் அந்தக் குரல் பாதியில் நின்றுவிடும். "வாங்க..." என்று ஆரம்பித்து, அதன் பின்னால் எதை ஒட்டுவது என்று தெரியாமல் விழிப்பார்கள். அதற்குள் பார்வை அடுத்து வருகிறவர் மேல் தாவிவிடும்.

திண்டிவனத்திலிருந்து அப்படி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 24. திருநங்கை என்று வீட்டில் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. பெட்டியில் மூன்று சுடிதார், மூன்றுமே தோழிகள் உடுத்திக் கொடுத்தவை. அடுத்த மாதம் கூட வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கல்யாணம். அதற்கு ஒரு புடவை வேண்டும். சொந்தக் காசில், கடையில் உட்கார்ந்து, நாலு விரிக்கச் சொல்லிப் பார்த்து, தானே எடுத்த புடவை. பர்ஸில் 3,000 ரூபாய் இருக்கிறது. எந்தக் கடைக்குப் போவது?

திண்டிவனத்தில் ஜவுளிக்கடை இல்லையா என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. கடைக்காரருக்கு இவருடைய அப்பாவைத் தெரியும், அதுதான் சிக்கல். ஊரில் எல்லாரும் பக்கத்துத் தெருவில் தீபாவளித் துணி எடுக்கும்போது, திருநங்கைகள் பலர் பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போய் எடுப்பது இதனால்தான். தெரிந்த முகம் இருக்கக் கூடாது என்பதே ஒரு கடைக்கு முதல் தகுதி. விலையும் டிசைனும் அதற்கப்புறம்.

அந்த வகையில் ரங்கநாதன் தெருவுக்கு நிகர் இல்லை. வசந்தபாலன் இயக்கிய 'அங்காடித் தெரு' (2010) படம் பார்த்தவர்களுக்கு அந்த நெரிசலைச் சொல்லத் தேவையில்லை. 2023-ல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து ஆகாய நடைபாதை வந்த பிறகு, அவசரக்காரர்கள் மேலேயே போய்விடுகிறார்கள். இடிபட்டாலும் பரவாயில்லை என்று கீழே நடப்பவர்களும் உண்டு. கூட்டத்தில் யாரும் யாரையும் நின்று பார்ப்பதில்லை. நிற்க இடமும் இல்லை.

நீட்டப்படும் பத்து ரூபாய்

திருநங்கைகளுக்கும் கடைத்தெருவுக்கும் பழைய உறவு ஒன்று இருக்கிறது. 'கடை கேட்பது' என்பார்கள். கடை கடையாகப் போய், கை தட்டி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஆசி சொல்லிவிட்டு வருவது. வேலை கொடுக்க யாரும் முன்வராத நிலையில் பலருக்கு இன்றும் அதுதான் சோறு. திருநங்கை கையால் ஒரு ரூபாய் வாங்கிக் கல்லாவில் போட்டால் வியாபாரம் பெருகும் என்று நம்புகிற முதலாளிகளும் இருக்கிறார்கள்.

அதனால் திண்டிவனத்துக்காரர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததும், கல்லாவில் இருப்பவரின் கை தானாக டிராயருக்குள் போகும். பத்து ரூபாய்த் தாள் ஒன்று வெளியே வரும். அவர் கெட்ட மனிதர் இல்லை. விரட்டவில்லை, கொடுக்கத்தான் செய்கிறார். ஆனால் வாங்க வந்தவர் அந்தத் தாளை என்ன செய்வது? மறுத்தால் கோபக்காரி என்று நினைப்பார்கள். வாங்கிக்கொண்டால் அதோடு வெளியே போய்விட வேண்டும். போகாவிட்டால் காவலாளி வருவார்.

"இல்லண்ணே, புடவை பார்க்க வந்தேன்."

இதைச் சொல்ல எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருப்பார் என்பது கல்லாக்காரருக்குத் தெரியாது. சொன்னாலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறார். மீதிப் பாதி புடவை அடுக்குக்கு முன்னால் காத்திருக்கிறது.

"யாருக்கும்மா பார்க்கிறீங்க?"

இது உள்நோக்கம் இல்லாத தொழில் கேள்விதான். வயதானவருக்கா, கல்யாணப் பெண்ணுக்கா, ஆபீஸ் போகிறவருக்கா என்று தெரிந்தால்தான் எந்த அடுக்கை இழுப்பது என்று விற்பவருக்குத் தெரியும். ஒரு நாளைக்கு நூறு பேரிடம் கேட்கிறார். நூறு பேரும் யோசிக்காமல் பதில் சொல்கிறார்கள்.

பேன்ட் சட்டையில் வந்து, மனசுக்குள் புடவையோடு நிற்பவருக்கு இந்தக் கேள்வி ஒரு பரீட்சை. வழக்கமான விடை, "தங்கச்சிக்கு." உடனே அடுத்த கேள்வி வரும். "தங்கச்சி நல்ல நிறமா, மாநிறமா? உயரமா இருப்பாங்களா?" வேறு வழியில்லாமல் தன்னையே வர்ணிக்க வேண்டும். "என்னை மாதிரியேதான் இருப்பா." "அப்போ இந்த ராமர் பச்சை எடுப்பா இருக்கும் சார்" என்று அவர் இவரைப் பார்த்தே நிறம் எடுப்பார். இல்லாத தங்கைக்குப் பிறந்த நாள், நிச்சயதார்த்தம், வளைகாப்பு எல்லாம் இப்படிக் கடை கடையாக நடந்துகொண்டே இருக்கும்.

திருநங்கை என்று தன்னை அழைத்துக்கொள்ளாதவர்களும் இந்த வரிசையில் உண்டு. ஆபீஸ் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். பூட்டிய அறையில் ஒரு மணி நேரம் புடவை கட்டிப் பார்ப்பது அவர்களுக்கு ஒரு நிம்மதி. ஆன்லைன் வந்தது அவர்களுக்குத்தான் பெரிய விடுதலை என்பார்கள். பாதி உண்மை. போனில் அரக்காகத் தெரிந்தது வீட்டுக்கு வரும்போது செங்கல் நிறமாக இருக்கும். பார்சலை வாங்கிப் பிரிப்பது அம்மாவாக இருக்கும். துணியைத் தொட்டுப் பார்த்து எடுக்கிற சுகம் எந்த வகையிலும் கிடைக்காது.

திருநம்பிகளுக்கு இதே கதை தலைகீழ். ஆண்கள் சட்டைப் பகுதியில் கால் வைத்ததும், "மேடம், லேடீஸ் செகண்ட் ஃப்ளோர்" என்று கை நீட்டி வழிகாட்டுவார்கள். "இங்கேதான் பார்க்கணும்" என்றால், "தம்பிக்கா?" 36 அளவுச் சட்டையிலும் தோள் தொங்கும். கடைசியில் பலர் சிறுவர் பிரிவில் போய் எடுக்கிறார்கள். அங்கே, "பையனுக்கு என்ன வயசு மேடம்?"

தோளில் போட்டுக் காட்டும் அண்ணன்

இதில் வேடிக்கை ஒன்று இருக்கிறது. எந்தப் புடவைக் கடைக்கும் போய்ப் பாருங்கள். வாடிக்கையாளர் இரண்டு புடவைக்கு நடுவில் தடுமாறும்போது, விற்கிற அண்ணன் என்ன செய்கிறார்? புடவையை உதறி எடுத்து, பேன்ட் சட்டைக்கு மேலேயே இடுப்பில் கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் சரித்து, கண்ணாடி முன்னால் நின்று காட்டுகிறார். "பாருங்கம்மா, கட்டினா இப்படித்தான் விழும்." மீசையோடு நிற்கும் அவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. மாமியாரும் மருமகளும் "பார்டர் கொஞ்சம் பெருசோ?" என்று அவரைச் சுற்றி நின்று விவாதிப்பார்கள். சில அண்ணன்கள் கொசுவம் வைக்கிற நேர்த்திக்கு எந்தப் பெண்ணும் கிட்டே வர முடியாது.

தமிழ்நாட்டில் ஆண் உடம்பில் புடவை புதிதே அல்ல. தெருக்கூத்தில் திரௌபதி வேஷம் கட்டுவது காலகாலமாக ஆண்கள்தான். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசராவின்போது சுற்றுவட்டாரத்து ஆண்கள் ஆயிரக்கணக்கில் வேஷம் போடுகிறார்கள். காளி, குறத்தி, மணப்பெண் என்று நேர்ந்துகொண்டபடி சேலை கட்டி, வீடு வீடாகக் காணிக்கை வாங்கி, விஜயதசமி அன்று கோயிலில் கொண்டுவந்து செலுத்துவார்கள். அந்தப் பத்து நாளுக்கு முன்னால் அந்தப் பக்கத்துக் கடைகளில் ஓர் ஆண் போய்ச் சிவப்புச் சேலையும் வளையலும் சவுரி முடியும் கேட்டால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. "வேஷத்துக்கா? காளியா, குறத்தியா?" அவ்வளவுதான். தி.நகர் ஜவுளிக்கடைகளில் முதலாளிகளும் ஊழியர்களும் பலர் நெல்லை, தூத்துக்குடிப் பக்கம்தான். சின்ன வயதில் தெருவில் ஓடி ஓடிக் காளி வேஷம் பார்த்து வளர்ந்தவர்கள்.

சாமிக்கு என்றால் சரி. கூத்துக்கு என்றால் சரி. விற்பதற்காகத் தோளில் போட்டாலும் சரி. "எனக்கு" என்று சொல்லும்போது மட்டும் விரித்த புடவை மறுபடி மடிப்புக்குப் போகிறது.

சட்டத்தில் குறை சொல்ல முடியாது. 2008-ல் தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு நலவாரியம் வந்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஒருவருடைய பாலினத்தை அவரே முடிவு செய்துகொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. 2019-ல் வந்த மத்தியச் சட்டம், பொதுமக்களுக்கு விற்கப்படும் பொருளையோ சேவையையோ திருநர்களுக்கு மறுக்கக் கூடாது என்கிறது. அதே 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் உள்ள மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று சொன்னது. ஆக, கல்யாணப் பட்டு எடுக்கவே ஒரு திருநங்கை கடைக்கு வரலாம்.

ஆனால் எந்தக் கடையும் "உங்களுக்கு விற்க மாட்டோம்" என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. மறுப்பு வேறு மாதிரி இருக்கும். மடிப்பைப் பிரிக்காமல் காட்டுவார்கள். "விலை கூடம்மா" என்று விலை கேட்பதற்கு முன்பே சொல்வார்கள். பக்கத்தில் நின்ற பெண்மணி தன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். ஊழியர்கள் இரண்டு பேர் தூரத்தில் நின்று ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்கள். எதற்கும் வழக்குப் போட முடியாது.

சுடிதார் எடுக்கப் போனால் ட்ரையல் ரூம் என்று ஒன்று குறுக்கே வரும். ஆண்கள் பக்கம் போகச் சொன்னால் இவர் போக மாட்டார், பெண்கள் பக்கம் விடலாமா என்று ஊழியருக்குத் தயக்கம். சூப்பர்வைசரைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து, "எடுத்துட்டுப் போங்கம்மா, சைஸ் சேரலன்னா மாத்திக்கலாம்" என்பார். மரியாதையாகத்தான் சொல்கிறார். திண்டிவனத்திலிருந்து மாற்ற வருவதென்றால் ஒரு நாள் சம்பளம் போகும் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை. ஆண், பெண் என்று எழுதாமல், தனித்தனிக் கதவோடு நாலு சின்ன அறை கட்டியிருக்கும் கடைகளில் இந்தப் பிரச்னையே இல்லை. ஒரு தச்சர் முடித்துவைக்க வேண்டிய விஷயம்.

பில் போடுமிடத்தில் இன்னொன்று. "போன் நம்பர் சொல்லுங்க." நம்பரைத் தட்டியதும், முன்பு எப்போதோ பதிந்த பழைய பெயர் திரையில் வந்துவிடும். கேஷியர் அதைச் சத்தமாக வாசிப்பார். பின்னால் நிற்கும் வரிசை மொத்தமும் கேட்கும். க்யூ.ஆர். கோட் ஸ்கேன் செய்தாலும் பேங்க் கணக்கில் உள்ள பெயர்தான் கடைக்காரர் போனில் விழும். இதனாலேயே கணக்கில் பெயர் மாறும் வரைக்கும் ரொக்கமாகவே கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடையை அல்ல, ஆளைப் பார்

அப்படியென்றால் நல்ல கடை எது? திருநங்கைகள் ஒருவருக்கொருவர் சொல்லும் பதிலில் கடையின் பெயர் அவ்வளவாக வராது. "ரெண்டாவது மாடியில, ஜன்னல் ஓரமா ஒரு அக்கா இருப்பாங்க. அவங்ககிட்ட போ" என்பதுதான் பதில். அந்த அக்கா லீவில் இருந்தால் சும்மா சுற்றிவிட்டுத் திரும்பி வருவார்கள்.

அந்த அக்காக்கள் பொதுவாகச் சின்னச் சம்பளத்தில் நாளெல்லாம் நின்று வேலை பார்ப்பவர்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-ல்தான். அவர்களிடம் பெரிய சொற்பொழிவு எதுவும் இருக்காது. "யாருக்கு?" என்பதை விட்டுவிட்டு, "என்ன விசேஷத்துக்கும்மா?" என்று கேட்பார்கள். வேலை ஒன்றுதான், கேள்விதான் வேறு. விசேஷத்துக்கு எல்லாரிடமும் பதில் இருக்கும்.

நேரமும் முக்கியம். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையிலும் போனால் நல்ல அக்காவும் எரிந்துதான் விழுவார். செவ்வாய், புதன் காலையில் கடை திறந்து அரை மணி கழித்துப் போவது உத்தமம். தரையைத் துடைத்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றியிருப்பார்கள். கூட்டம் இருக்காது. போணி ஆக வேண்டும் என்ற ஆசையில் பத்துப் புடவை கூடுதலாக விரியும்.

இதைவிடச் சுலபமான வழி சௌகார்பேட்டை. அங்கே மொத்தக் கடைகளில் "யாருக்கு?" என்று யாரும் கேட்பதில்லை, "எத்தனை பீஸ்?" என்றுதான் கேட்பார்கள். வாங்குகிறவர் வியாபாரி என்பது அவர்கள் கணக்கு. வியாபாரிக்குப் பால் ஏது, வயது ஏது? சில கடைகளில் ஒன்றிரண்டு தர மாட்டார்கள், செட்டாகத்தான் எடுக்க வேண்டும். அதனால் நாலு தோழிகள் காசு போட்டு ஒரு செட் குர்தி எடுத்து, வீட்டுக்கு வந்து நிறத்துக்குச் சண்டை போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடும் கையைக் கடிக்காத விலைக்குப் பேர் போனது. டவுன் பஸ்ஸில் போனால் செலவும் இல்லை. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு வந்த இலவசப் பயணம் 2021-லேயே திருநங்கைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. கண்டக்டர் கேட்காமலே அந்தச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிற நாளில் பாதி ஷாப்பிங் முடிந்த சந்தோஷம்.

பாண்டி பஜார் 2019-ல் அகல நடைபாதையாக மாறிய பிறகு, ஒன்றும் வாங்காமல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவும் தோதான இடம். கம்மலும் கிளிப்பும் வாங்க அங்கே போகலாம். செருப்பு மட்டும் எங்கேயும் கஷ்டம். பெண்கள் செருப்பில் 8-க்கு மேல் கேட்டால் "ஜென்ட்ஸ்ல பாருங்க" என்பார்கள்.

வளையல் கடை தனி. வளையலின் அளவைச் சொல்லும் 2.4, 2.6 என்பது இரண்டு அங்குலமும் அதற்கு மேல் பதினாறில் நாலு பாகம், ஆறு பாகம் என்பதும் ஆகும். கை எலும்பு அகன்றவருக்கு 2.10 வேண்டியிருக்கும். எல்லாக் கடையிலும் இருக்காது. இருக்கிற கடையில், கண்ணாடி வளையலைத் தானாகப் போட்டுக்கொள்ள வராது, விற்கிறவர்தான் கையைப் பிடித்து, கட்டை விரலை உள்ளே மடக்கி, பிசைந்து பிசைந்து ஏற்ற வேண்டும். காசைக்கூட மேஜை மேல் வைக்கச் சொல்லும் கடைகளைப் பார்த்தவருக்கு, இங்கே முன்பின் தெரியாத ஓர் அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு, "கையைத் தளர்த்தி விடும்மா, பயப்படாத" என்று சொல்லும்போது கண் கலங்கிவிடும். வளையல்காரம்மா வலிக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

கூரைப் புடவையும் வெள்ளைப் புடவையும்

திண்டிவனத்துக்காரருக்குப் பக்கத்தில் இன்னொரு ஊர் இருக்கிறது, விழுப்புரம். வருடத்தில் ஒரே ஒரு வாரம், சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி, அங்கே யாரும் எந்தத் திருநங்கையையும் "யாருக்கு?" என்று கேட்பதில்லை. அங்கிருந்து சுமார் 30 கிலோ மீட்டரில், இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் கூவாகம் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து திருநங்கைகள் வந்து இறங்கும் ஊர் விழுப்புரம்தான். லாட்ஜுகள் நிரம்பி வழியும். கடைத்தெருவில் பூ, பொட்டு, வளையல், பட்டு எல்லாம் நடக்கும்.

கூத்தாண்டவர் என்பவர் அரவான். பாரதப் போரில் பலியாகப் போகிறவன் முந்தின நாள் மணம் முடிக்க ஆசைப்பட, கிருஷ்ணனே மோகினியாகி அவனை மணந்த கதை. திருநங்கைகள் அந்த மோகினியாக நின்று பூசாரி கையால் தாலி வாங்கிக்கொள்கிறார்கள். நேர்ந்துகொண்ட உள்ளூர் ஆண்களும் கட்டிக்கொள்வதுண்டு. விடிய விடியக் கும்மியும் பாட்டும். மறுநாள் தேர் பந்தலடிக்குப் போய், அரவான் களப்பலி ஆனதும், தாலி அறுத்து வளையல் உடைத்து ஒப்பாரி வைத்து அழுவார்கள். குளித்துவிட்டு வெள்ளைப் புடவை.

ஆகவே கூவாகத்துக்குப் புறப்படுகிற திருநங்கையின் பையில் கல்யாணப் புடவையும் கைம்பெண் புடவையும் ஒன்றாகவே இருக்கும். சிவப்புக்கு ஆசை ஆசையாய்ப் பார்டர் பார்ப்பார்கள். வெள்ளைக்கு அப்படி இல்லை, "ஏதாவது ஒண்ணு கொடுங்க." முதல் வருடம் போகிறவருக்கு இரண்டையும் குருவோ, அம்மா என்று அவர் அழைக்கும் மூத்த திருநங்கையோ எடுத்துத் தருவதுண்டு.

அந்த வாரம் முடிந்ததும் பூ மார்க்கெட்டில் விலை இறங்கும், லாட்ஜில் அறை கிடைக்கும், கடைவீதியில் பழைய கேள்வியும் திரும்பி வந்துவிடும். ஆனி மாதத்தில் சாதாரணமாக ஒரு காட்டன் புடவை எடுக்கப் போகிற திருநங்கைக்குத் திருவிழா எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

அளவு ஜாக்கெட்

சரி, திண்டிவனத்துக்காரர் புடவை எடுத்துவிட்டார். மயில்கழுத்து நிறத்தில் ஒரு சாஃப்ட் சில்க், 1,850 ரூபாய். ஜன்னல் ஓரத்து அக்கா விரித்துக் காட்டி, தோளில் போட்டு, இரண்டு பேரும் கண்ணாடியில் பார்த்து முடிவு செய்தது. பிரச்னை தீர்ந்தது என்று நினைத்தால், இனிமேல்தான் பெரிய பிரச்னை.

புடவைக்கு அளவு கிடையாது. ஐந்தரை மீட்டர் துணி யார் இடுப்பிலும் நிற்கும். உயரமானவர் என்றால் உள்பாவாடையை நீளமாக எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. ஜாக்கெட் அப்படி இல்லை. ரெடிமேட் ஜாக்கெட் தோளில் பிடித்தால் மார்பில் தொங்கும், மார்பில் சேர்ந்தால் கை ஏறாது. தைக்கத்தான் வேண்டும். தைப்பதற்கு இரண்டு முறையாவது போக வேண்டும், திருத்தம் இருந்தால் மூன்றாவது முறையும். அதற்குச் சென்னை சரிப்படாது. ஊரில்தான் கொடுக்க வேண்டும். ஊர் என்றால், அம்மாவுக்கு இருபது வருடமாகத் தைத்துக் கொடுக்கும், தெருமுனையில் இருக்கும் அதே தையல்காரம்மாவிடம்.

லேடீஸ் டெய்லர் கடைகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அளவு ஜாக்கெட் கொண்டுவர வேண்டும். உடம்பில் டேப் வைத்து அளப்பது கடைசி வழி. முதல் ஜாக்கெட் தைக்க வருகிறவரிடம் அளவு ஜாக்கெட் எப்படி இருக்கும்? தோள், மார்பு, இடுப்பு, கைச்சுற்று, முன்கழுத்து, பின்கழுத்து என்று டேப் போகிற இடமெல்லாம், திருநங்கைக்கு இத்தனை நாள் ஊர் கண்ணால் அளந்த இடங்கள். தொடத் தயங்குகிற தையல்காரர்கள் இருக்கிறார்கள். தொட விடத் தயங்குகிற திருநங்கைகளும் இருக்கிறார்கள். நகரங்களில் திருநங்கைகளே தையல் கற்று, மெஷின் வாங்கிப் போட்டுத் தொழில் செய்கிறார்கள். அவர்களிடம் போகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. "உள்ளே ரெண்டு இஞ்ச் துணி விட்டுத் தைக்கிறேன், ஆறு மாசம் கழிச்சுப் பிரிச்சு விட்டுக்கலாம்" என்று அவர்களே சொல்வார்கள். ஹார்மோன் எடுக்கிறவரின் உடம்பு மாறிக்கொண்டிருக்கும். வளர்கிற பெண் பிள்ளைக்குத் துணி விட்டுத் தைக்கிற மாதிரிதான்.

திண்டிவனத்தில் அந்த வசதி இல்லை. அதனால் இவர் அம்மாவின் ஜாக்கெட் ஒன்றை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, சாயங்காலம் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போகிறார். அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. தையல்காரம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, கையை நீட்டித் துணியை வாங்குகிறார். அம்மாவின் ஜாக்கெட்டை மேஜை மேல் விரித்து ஒரு தடவை நீவுகிறார்.

"இது உனக்கு எப்படிம்மா சேரும்? தோள் ரெண்டு இஞ்ச் கம்மியா இருக்கு. வா இப்படி."

கழுத்தில் கிடந்த டேப்பை உருவிக்கொண்டு எழுந்திருக்கிறார். அளந்து அளந்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நோட்டில் குறித்துக்கொள்கிறார். பின்கழுத்து எவ்வளவு இறக்கம், கையில் பார்டர் வர வேண்டுமா, முடிச்சுக் கயிறு வைக்கட்டுமா, ஊக்கு முன்னாலா பின்னாலா? நோட்டின் ஓரத்தில் துணியிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் பின் அடிக்கிறார். பக்கத்தில் பெயர் எழுத இடம் விட்டிருக்கிறது.

"பேரு என்னன்னு போடட்டும்?"

சொல்கிறார். இரண்டு சுழி 'ன'வா, மூன்று சுழி 'ண'வா என்று கேட்டு எழுதிக்கொள்கிறார் தையல்காரம்மா.

"புதன்கிழமை வா, ரெடியா இருக்கும்."

புதன்கிழமை ரெடியாக இருக்காது. வெள்ளிக்கிழமை போனால் போதும்.